வேங்கைநாட்டு வானம்

என் மனைவி பூங்கோதைக்குத் திடுக்கிடுவதுதான் வேலை. ஒரே கதையின் ஒரே முடிவைப் பார்த்து, ஒவ்வொரு நாளும் முதல்முறையாகத் திடுக்கிட வேண்டும். அதற்குச் சம்பளம், மதியச் சாப்பாடு, வாசல்வரை வந்து ஏற்றிப்போக வேன். இப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் புதுப்பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் நானும் சொன்னதில்லை.

நான் தணிகைவேல், ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோ முதுகில் நீங்கள் படிக்கிற வாசகங்களில் பாதி என் மெஷினில் வெட்டியவை. கல்யாணமான முதல் வாரத்திலேயே கோதையின் திறமை எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் குக்கரை வைத்தவள் அவள், விசில் வரும் என்று காத்திருப்பவளும் அவள், வந்ததும் துள்ளிக் கரண்டியைக் கீழே போடுகிறவளும் அவளே. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ‘பே’ என்றால் வீடே அதிரும். மறுநாள் அதே கதவு, அதே ‘பே’, அதே அலறல். அலறி முடித்ததும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் தினமும் கதவுக்குப் பின்னால் நின்ற காலம் உண்டு.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு கேம் பைத்தியம். அதிலும் வாளும் மந்திரமும் கோட்டையுமாக ஓடுகிற ராஜா காலத்து கேம்தான் பிடிக்கும். தரமணியில் ஒரு கம்பெனி ‘வேங்கைநாடு’ என்று பெரிய கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் ஆடிப் பார்க்க ஆள் தேடினார்கள். போனவர்களுக்கெல்லாம் தலையில் ஒயர் மாட்டி, பின்னால் பலூன் உடைத்தார்களாம். கோதையின் அலறலில் அடுத்த அறையிலிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அன்றைக்கே வேலை உறுதியானது.

வேலையிலிருந்து வந்தால் கரியன் புராணம்தான். கரியன் என்று ஒரு பாணன் கதையின் ஆரம்பத்திலிருந்து இவளோடு நடந்து வருவானாம். பாட்டு சுமார். கிடைக்கிற சோற்றை இவளுக்கு முன்னால் தின்றுவிடுவான். ஆனால் ஆபத்து என்றால் முதலில் வந்து நிற்பான். “அப்படியே உன்ன மாதிரி, வேலு” என்பாள்.

“சரி, கடைசில இன்னா ஆவுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரியாதே. அதைத்தான் சாயங்காலம் தொப்பி போட்டு எடுத்துடுவாங்களே” என்றாள், செருப்பை வாசலில் கழற்றிப் போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தத் தொப்பிதான் கம்பெனியின் கண்டுபிடிப்பு. முடிவைப் பார்த்த ஞாபகத்தையும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஞாபகங்களையும் தேடித் துடைத்துவிடும். மறுநாள் காட்சியில் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி இவளையே ஆட வைப்பார்கள். எது அதிகம் தூக்கிவாரிப் போடுகிறது என்று திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோடு காட்டும். ஆள் மாறினால் அளவு மாறிவிடுமாம். அதனால் அவர்களுக்கு ஒரே தலை வேண்டும். என் மனைவியின் தலை.

வீட்டில் முதலில் சுவரைத் தட்டினாள். விளையாட்டாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே விரல் மடக்கி டொக் டொக் என்று தட்டுவாள், காது கொடுத்துக் கேட்பாள், மறுபடி கழுவுவாள். பிறகு பரணைத் தட்டினாள். பிறகு துடைப்பத்தின் கட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கூரையை இடிக்க ஆரம்பித்தாள். மேல்மாடியிலிருக்கிற ஹவுஸ் ஓனர் மூச்சிரைக்க இறங்கி வந்து, “அடியில யாருய்யா உரல்ல இடிக்கிறது?” என்றார். எலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

“எதுக்குடி தட்டற?”

“தெரியல. தட்டிப் பார்க்கணும்னு தோணுது.” சொல்லும்போதே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு இடத்தில் நிலையாக நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போனேன். எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “அந்தப் பக்கம் பார்க்கவே முடியல, வேலு. வானமும் தண்ணியும் ஒட்டுற இடம் வரைஞ்சு வச்ச மாதிரி இருக்கு” என்றாள். வாங்கிய சுண்டலைத் தொடவில்லை.

வேலையை விட்டுவிடு என்றேன். “எதுக்கு? ஒரு காரணம் சொல்லு” என்றாள். என்னிடம் காரணம் இல்லை. அவளிடம் இருந்த காரணத்தைத்தான் தினமும் துடைத்துவிட்டு அனுப்பினார்களே, அவள் மட்டும் எங்கே போய்த் தேடுவாள்? எனக்கு வெட்டுகிற எழுத்தெல்லாம் கோணலாக வந்தது.

அந்த வாரத்தில்தான் ஜெபக்குமார் கடைக்கு வந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். பைக் டாங்க்கில் வேங்கைத் தலை ஒட்ட வேண்டும் என்றான். ஒட்டி முடித்த பிறகும் போகாமல் நின்றான்.

“அண்ணே, பூங்கோதை மேடத்தோட வீட்டுக்காரர் நீங்கதானே? ஆபீஸ்ல விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். அந்த கேமோட கதையை எழுதினவன் நான்.”

ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

“மன்னிப்புக் கேட்க வந்தேன். திரையில அவங்க அதிர்ச்சிக் கோடு ஓடுறதைப் பார்த்தேண்ணே. முன்னெல்லாம் கடைசிக் காட்சிலதான் அது மேல ஏறும். இப்ப முதல் காட்சிலயே ஏறுது. சும்மா வானத்தைக் காட்டினாலே ஏறுது. விஷயத்தைத் தொப்பி எடுத்துடுது, ஆனா அந்த அதிர்ச்சி உடம்புல தங்கிடுது. எதுக்கு பயப்படுறோம்னு தெரியாமலே பயப்படுறாங்க.”

“அப்படி இன்னாதான் சார் வச்சிருக்கீங்க கடைசில?”

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான். “வேங்கைநாடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மலை, ஆறு, கோட்டை எல்லாமே ஒரு பெரிய விண்கப்பலுக்குள்ள இருக்கு. எப்பவோ பூமியை விட்டுக் கிளம்பினவங்களோட பேரப்பிள்ளைங்கதான் அந்த ராஜாவும் மந்திரவாதியும். அது அவங்களுக்கே மறந்துபோச்சு. மந்திரம்னு நினைச்சதெல்லாம் மெஷின். மேடம் கடைசி மலை உச்சிக்கு ஏறி, நட்சத்திரத்தைத் தொடறதுக்குக் கையை நீட்டுவாங்க. டொக்குனு சத்தம் வரும். இரும்புக் கூரை.”

என் வீட்டுக் கூரையில் விழுந்த இடியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

“வாள், மந்திரம்னு ராஜா கதையா ஓடிக்கினு இருந்ததுல திடீர்னு ராக்கெட்டைக் கொண்டாந்து சொருகினா ஜனங்க ஒத்துக்குவாங்களா?” என்றேன். கோபத்தில் கேட்டாலும் கேள்வி நிஜமான கேள்விதான்.

“எங்க ஆபீஸ்ல ஒரு வருஷமா இதே சண்டைதாண்ணே. பாதிப் பேர் கைதட்டுவாங்க. மீதிப் பேர், நான் இத்தனை நாள் சாமின்னு கும்பிட்டது மோட்டாரான்னு திட்டுவாங்க. ஆச்சரியப்படுத்துறதுக்கும் ஏமாத்துறதுக்கும் நடுவுல ரொம்ப கொஞ்ச இடந்தான் இருக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் மேடத்தை…”

ஆட்டோ வாசகத்திலும் அதே பாடுதான். மேலே கண்ணாடியில் ஒரு வரி, கீழே பம்பரில் ஒரு வரி. மேல் வரியைப் படித்தவன் சிக்னலில் நெருங்கி வந்து கீழ் வரியைப் படிக்கும்போது ஒரு திருப்பம் இருக்க வேண்டும் என்பார்கள் டிரைவர்கள். சிரித்துவிட்டால் நல்லது. மேல் வரியை நம்பினவனைக் கிண்டல் செய்துவிட்டால் வம்பு. ஆனால் ஆட்டோ வாசகத்துக்கு யார் தலையிலும் ஒயர் மாட்டியதில்லை.

“நாளைக்கே போய் நிறுத்தச் சொல்றேண்ணே. கேட்கலைன்னா வேலையை விட்டுடறேன்” என்றான் ஜெபக்குமார். கிளம்பும்போது, “அடுத்த வாரம் எனக்கும் தொப்பி போடுற முறை வருது. எழுதினவனே புது ஆளாப் படிச்சாத்தான் ஓட்டை தெரியும்னு டைரக்டர் சொல்லுவார். அதுக்குள்ள இதை முடிச்சுடணும்” என்றான். நல்ல பையன் என்று நினைத்தேன்.

அன்று மாலை கோதை வந்து சுவரைத் தட்டியதும் சொல்லிவிட்டேன். கப்பல், கூரை, டொக்கு, எல்லாம். முதலில் கண்ணை விரித்தாள். பிறகு துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. “அட, இதுக்குத்தானா? நான் என்னவோ பைத்தியம் புடிக்குதுன்னு நினைச்சேன்.” நன்றாகச் சாப்பிட்டாள். நாளைக்குப் போகாதே என்றேன். “விஷயந்தான் தெரிஞ்சுடுச்சே. போய் அவங்களை ஒரு புடி புடிச்சுட்டு வர்றேன்” என்றாள்.

மறுநாள் மாலை வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சுவரைத் தட்டினாள்.

“அதான் நேத்து சொன்னேனேம்மா.”

“என்ன சொன்ன?”

அவள் கண்ணில் ஒன்றுமே இல்லை. முடிவோடு ஒட்டிக்கொண்டதையெல்லாம் தொப்பி எடுக்கும். நான் சொன்னதும் அதோடு ஒட்டிக்கொண்டுதானே இருந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி கண்ணை விரித்து, மறுபடி சிரித்து, மறுபடி “ஒரு புடி புடிச்சுட்டு வர்றேன்” என்று போனாள். இப்படியே நாட்கள் போயின. நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விட ஆரம்பித்தேன். பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன். அவள் தட்டட்டும், நான் எலி என்று சொல்லிக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

ஜெபக்குமாரை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு, “அண்ணே, டாங்க்ல வேங்கைத் தலை ஒண்ணு ஒட்டணும்” என்றான்.

“ஒட்டித்தானே சார் இருக்கு?”

குனிந்து பார்த்தான். “ஆமா. இது எங்க ஒட்டினதுன்னு ஞாபகமே வரமாட்டேங்குது. இன்னொரு பக்கத்துக்கும் ஒட்டிடுங்க.” ஒட்டி முடித்ததும் போகாமல் நின்றான். அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. “அண்ணே, பூங்கோதை மேடத்தோட வீட்டுக்காரர் நீங்கதானே? மன்னிப்புக் கேட்க வந்தேன்” என்றான்.

“நாளைக்கே நிறுத்தச் சொல்லுவீங்க. கேட்கலைன்னா வேலைய வுட்டுடுவீங்க. அதானே?”

நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். பழைய வேங்கைத் தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

“அப்போ வேலையை விடணும்னு நான் எத்தனை தடவை முடிவு பண்ணியிருப்பேண்ணே?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு என் பெண்டாட்டி முக்கியம். “இதை நிறுத்த வழியே இல்லியா சார்?” என்றேன்.

“யார் சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க. மொத்தக் காசையும் அந்த முடிவு மேலதான் போட்டிருக்காங்க.” சலிப்போடு சிரித்தான். “வெளியே கசிஞ்சாத்தான் உண்டு. ஊருக்கே தெரிஞ்ச திருப்பத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? தூக்கிப் போட்டுட்டு வேறதான் யோசிக்கணும்.”

அவன் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன். கண் மெஷின் பக்கம் போய்விட்டது.

அன்றைக்கே வெட்டினேன். மேல் வரி: ‘வேங்கைநாட்டில் நட்சத்திரம் எண்ணாதே.’ கீழ் வரி: ‘அது கப்பலின் கூரை!’ தெரிந்த டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டு இலவசமாக ஒட்டிவிட்டேன். “இன்னா வேலு, ஒண்ணும் புரியலியே” என்றவர்களிடம், “கேம் ஆடற பசங்க பார்த்தா வுடமாட்டானுங்க, பாரு” என்றேன். அப்படியேதான் நடந்தது. யாரோ ஒருவன் சிக்னலில் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. மற்ற கடைக்காரர்களும் அதே வாசகத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கிருந்து கிளம்பியது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கோதை அழுதுகொண்டே வந்தாள். “எவனோ கடைசிக் காட்சியை வெளியே விட்டுட்டான் வேலு. எத்தனை பேரோட உழைப்பு! பொறுக்கி. அவன் மட்டும் கையில கிடைக்கணும்…” நான் டீ போட்டுக் கொடுத்தேன். “யாரா இருக்கும்?” என்றாள். “யாருக்குத் தெரியும்” என்றேன்.

ஆனால் தட்டல் நின்றுவிட்டது. போகிற வழியெல்லாம் ஆட்டோ முதுகில் எழுதியிருப்பதை எந்தத் தொப்பியால் துடைக்க முடியும்? இரவில் மொட்டைமாடிக்குப் போய்ப் பாய் விரித்து மல்லாந்து படுத்தோம். வானம் வானமாக இருந்தது. கோதை என் தோளில் தலை வைத்துக்கொண்டு நட்சத்திரங்களைக் காட்டி ஏதேதோ சொன்னாள். உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு மாலை அவள் வேலையிலிருந்து வந்து சுவரைத் தட்டவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள். தெரிந்த ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல.” உள்ளே வந்து தூரமாக உட்கார்ந்தாள். சாப்பிடும்போது வழக்கம்போல அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தேன். கையை உதறினாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கு அந்தக் கரியன் மூஞ்சியைப் பார்க்கவே புடிக்கல. ஏன்னு தெரியல” என்றாள்.

அப்படியே உன்ன மாதிரி என்று அவள் சொன்ன அதே கரியன். பழைய திருப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூரையை விட்டுவிட்டு, கூடவே நடந்து வருகிறவனைப் பிடித்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து கூட வந்து, சோற்றைத் திருடித் தின்று, ஆபத்தில் முன்னால் நின்றவன், கடைசியில் யாரோ அனுப்பிய மெஷின் என்று இருக்கும். இல்லை, வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியாது.

அடுத்தடுத்த நாட்களில் நான் எழுந்தால் எழுந்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். போனில் பேசினால் கதவருகே வந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து ‘பே’ சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படுத்திருந்த என்னருகே மெதுவாக வந்து என் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். சுவரைத் தட்டிவிட்டுக் கேட்பாளே, அதே மாதிரி.

“அடிக்குதா?” என்றேன்.

“அடிக்குது.” காதை எடுக்கவில்லை. “வேலு, நீ எங்கிட்ட எதையோ மறைக்கிற.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அந்தத் தொப்பியின் வேலை என்று விளக்கியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் மறைத்ததும் உண்மையாயிற்றே.

“ஆமா. அந்த ஸ்டிக்கரை முதல்ல வெட்டினது நான்தான்.”

எழுந்து உட்கார்ந்தாள். “எந்த ஸ்டிக்கர்?” என்று கேட்கும்போதே புரிந்துவிட்டது அவளுக்கு. “நீயா? வேலு, நீயா? அன்னிக்கு நான் அழுதேனே! நீதானே டீ போட்டுக் குடுத்த! யாரா இருக்கும்னு உன்கிட்டதானே கேட்டேன்!” தலையணை பறந்தது. சொம்பு பறந்தது. மேல்மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனார்.

அவள் மூச்சு வாங்க நின்றபோது மீதியையும் சொன்னேன். ஜெபக்குமார் வந்தது, மறந்துபோய்த் திரும்ப வந்தது, நான் தினமும் சொன்னது, அவள் தினமும் சிரித்தது. நம்பவில்லை. நான் கூரையைக் காட்டினேன். துடைப்பக் கட்டை இடித்த வட்டத் தழும்புகள், சுண்ணாம்பு பெயர்ந்து, அறை முழுக்க. எலி அவ்வளவு உயரத்தில் இடிக்காது.

கோதை கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “இதெல்லாம் நானா?” என்றாள். தட்டியதையும் தொப்பி துடைத்திருந்தது.

“ஆமாம்மா.”

“கரியன் கதை எப்படி முடியுதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“உன்மேல எனக்கு இத்தனை நாளா ஒரு எரிச்சல், வேலு. ஒரு பயம். அதுல எது நீ குடுத்தது, எது அவங்க குடுத்தது?”

“ஸ்டிக்கர் என்னுது. மீதி எனக்குத் தெரியல.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்கவும் இல்லை. ஒரே இடத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோபமாக, நிலையாக உட்கார்ந்திருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

மறுநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழே வேன் ஹாரன் அடித்தது. துள்ளினாள், கரண்டி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

“இப்போ போனா, நேத்து நீ சொன்னதையும் எடுத்துடுவாங்க, இல்ல?” என்றாள்.

“எடுத்துடுவாங்க.”

“உன்மேல இருக்கிற கோபத்தையும்?”

“கோபம் இருக்கும். எதுக்குன்னு இருக்காது.”

மறுபடி ஹாரன். இந்தத் தடவை அவள் அசையவில்லை.

“போகச் சொல்லு வேலு” என்றாள். “உன்கிட்ட நான் இன்னும் சண்டை போட்டு முடிக்கல.”

கீழே போய் டிரைவரிடம் சொல்லி வேனை அனுப்பினேன். பிறகு, மீதித் திட்டையும் வாங்கிக்கொள்ள இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன்.